வழியில் இறங்கிய வீடுகள்

எங்கள் வீட்டில் ஊருக்குப் போவதென்றால், கார் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே கடிதங்கள் கிளம்பிவிடும். அப்பா ஆபீஸ் விட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு, ஈஸிசேரின் குறுக்கே பலகையைப் போட்டு, நீல நிற இன்லேண்டு லெட்டர்களை அடுக்கி வைத்துக்கொள்வார். விழுப்புரத்துக்கு ஒன்று, உறையூருக்கு ஒன்று, மதுரைக்கு, கோவில்பட்டிக்கு, கடைசியாக வீரவநல்லூரில் ஆச்சிக்கு. எல்லாவற்றிலும் வாசகம் ஒன்றேதான். இன்ன தேதி விடியுமுன் மெட்ராஸிலிருந்து புறப்படுகிறோம், இத்தனை மணி சுமாருக்கு அங்கே வந்து சேருவோம், சிரமம் எதுவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடைசி வரியை நம்பி யாரும் அடுப்புப் பற்றவைக்காமல் இருந்ததில்லை.

இது எண்பதுகளில். சித்தப்பா செகண்ட்ஹேண்டில் வாங்கிய மார்க் 3 அம்பாசிடர் ஒன்று வைத்திருந்தார். வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். ஆனால் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் அப்பாவின் டைரிப்படி. அம்பாசிடரில் கியர் கம்பி ஸ்டியரிங்கோடு சேர்ந்து இருக்கும், முன் சீட்டு ஒரே பெஞ்சு. அதனால் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார ஓர் ஆளுக்கு இடம் உண்டு. அந்த இடம் என்னுடையது. பின்னால் அம்மா, சித்தி, அக்கா, தம்பி, சித்தியின் மடியில் அவர்கள் வீட்டுக் குட்டி. காலடியில் திருகுச் செம்பில் தண்ணீர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலம், புளியோதரைத் தூக்கு. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு, தெருநாய்கள் துரத்த, இருட்டில் கிளம்புவோம்.

டிக்கியைத் திறந்து பார்த்தால் எங்கள் சாமான் பாதிகூட இருக்காது. மற்றதெல்லாம் ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குக் கொடுத்தனுப்பும் சாமான்கள். விழுப்புரத்தில் ஏறுவது உறையூரில் இறங்கும், உறையூரில் ஏறுவது மதுரையில் இறங்கும். போதாததற்கு டாஷ்போர்டுக்குள் மஞ்சள் தடவிய உறையில் அக்காவின் ஜாதக நகல்கள். வழியில் எத்தனை வீடு உண்டோ அத்தனை நகல். அப்பா அந்தக் காரைக் கிட்டத்தட்ட ஒரு தபால் வேனாகவே நடத்தினார்.

மதுராந்தகம் ஏரிக்கரையில் விடியும். 1790களில் இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரை, பெருமழையில் ஏரி உடையப்போகிற ராத்திரி, கரையில் இரண்டு பேர் வில்லும் அம்புமாகக் காவல் நிற்பதைக் கண்டாராம். கரை பிழைத்தது, துரை தாயார் சந்நிதி கட்டிக் கொடுத்தார், கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் நிலைத்தது. அப்பா இந்தக் கதையை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். கேட்டுக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான், பின்னால் எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

விழுப்புரத்தில் சின்னத் தாத்தா இருந்தார், தாத்தாவின் தம்பி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸிலிருந்து தெற்கே போகிற மீட்டர்கேஜ் வண்டியெல்லாம் நின்று போகும் ஜங்ஷன் அது; ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு. நாங்கள் வாசலில் போய் நின்றதும் அவர் எங்களைப் பார்க்க மாட்டார், உள்ளே திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். அப்பாவின் கடிதம் மேஜைமேல் பிரித்து வைத்திருக்கும். "நாற்பது நிமிஷம் லேட்" என்று அதன் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டுத்தான் "வாங்க வாங்க" என்பார். காரணமும் கேட்டு எழுதிக்கொள்வார். தம்பிக்குத் திண்டிவனத்தில் வாந்தி என்பதுகூட அந்த ஓரத்தில் ஏறியிருக்கிறது.

அவர் வீட்டிலிருந்து ஒரு சாக்கு மல்லாட்டை ஏறும், கோவில்பட்டி மாமா வீட்டுக்கு. நிலக்கடலையே விளைந்து கிடக்கிற கரிசல் பூமிக்கு விழுப்புரத்திலிருந்து நிலக்கடலை! அம்மா ஒருமுறை மெதுவாக இதைச் சொன்னதற்கு, "பண்டமா முக்கியம்? கொடுத்தனுப்புற மனுசன் முக்கியம்" என்று அப்பா முடித்துவிட்டார். சாக்குக்கு இடம் விட்டு அம்மாவின் பெட்டிதான் சீட்டுக்கடியில் போனது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நின்ற வீடுகளெல்லாம் அப்பா வழிச் சொந்தம். அம்மா பிறந்தது பாளையங்கோட்டையில். தாத்தா, அம்மாச்சி, மாமா எல்லோரும் அங்கேதான். வீரவநல்லூருக்குப் போகிற வழியில் திருநெல்வேலிப் பாலத்தைத் தாண்டினால் பாளையங்கோட்டை கூப்பிடு தூரம். ஆனால் போகும்போது அங்கே நிற்கக்கூடாது. முதலில் மாமியார் வீட்டில் காலடி வைத்து, ஆச்சியிடம் நான்கு நாள் இருந்து, பிறகு அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் பிறந்த வீட்டுக்கு வரவேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆச்சி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அப்பாவின் டைரியில் அந்த ஊர் பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

திருச்சிக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போய்ச் சேருவோம். கொள்ளிடம் தாண்டி, காவேரி தாண்டி, உறையூர்ப் பெரியப்பா வீடு. அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தறிச்சத்தம் கேட்கிற தெரு, வீட்டுக்குள் நுழைந்தால் சுருட்டு வாசனை. வெள்ளைக்காரர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன திருச்சிச் சுருட்டு இந்த உறையூர்ப் பக்கத்தில் உருட்டினதுதான். பெரியப்பா சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைப் பற்றவைத்துத் திண்ணையில் சாய்வார். நாங்கள் கிளம்பும்போது வாழை நாரில் கட்டிய சிறு கட்டு ஒன்றை அப்பாவிடம் கொடுப்பார். "முருகனுக்கு" என்பார்.

கேலி இல்லை. விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நிவேதனம் உண்டு. கருப்பமுத்துப் பிள்ளை என்ற அடியார் மலைக்கு வரும் வழியில் மழையிலும் ஆற்று வெள்ளத்திலும் மாட்டிக்கொண்டு, குளிரில் ஒரு சுருட்டுக்காகத் தவித்தாராம். எங்கிருந்தோ வந்த ஒருவர் சுருட்டும் நெருப்பும் கொடுத்துக் கரையேற்றிவிட்டுப் போனார். மேலே போய்ப் பார்த்தால் சந்நிதியில் சுருட்டு. அருணகிரிநாதர் பாடிய மலை, மயில்கள் உலாவுகிற மலை என்று எவ்வளவோ பெருமை அதற்கு. எங்களுக்கு அது பெரியப்பாவின் சுருட்டுக்கட்டு போய்ச் சேர வேண்டிய விலாசம். வெயிலில் படியேற அப்பாவும் அக்காவும் மட்டும்தான் போவார்கள். ஜாதகத்தில் ஒரு நகல் முருகன் காலடியிலும் வைக்கப்பட்டது.

விராலிமலை தாண்டினால் வெயில். அது கத்திரி. கார் ஜன்னலில் கையை வெளியே நீட்டினால் அடுப்பு அனல். ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரங்கள், அடிமரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்து நெடுஞ்சாலைத்துறை எண் போட்டிருப்பார்கள். வருஷா வருஷம் அந்த மரங்களின் புளியை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் ஆள் ஒருவன் சைக்கிளில் சுற்றிவந்து, உதிர்ந்த பழம் பொறுக்குகிற பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருப்பான். துவரங்குறிச்சியை நெருங்கும்போது ஒரு கோடையில் எங்கள் வண்டி பானட் ஓரமெல்லாம் ஆவி விட்டு நின்றது.

சித்தப்பாவுக்கு இது பழக்கம். ஓரமாக நிழலில் தள்ளி நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு, பெட்ரோல் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றினார். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதே என்று எங்களை எட்ட விரட்டினார். கொஞ்சம் ஆறட்டும் என்று காத்திருந்து, சாக்கை நனைத்து மடித்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அரைத் திருகு திருகினார். உஸ்ஸென்று சீறி அடங்கியது. அப்புறம்தான் முழுத் திருகு. தண்ணீரையும் மொத்தமாக ஊற்றக்கூடாது. என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். காய்ந்த பிளாக்கில் பச்சைத் தண்ணீர் சடாரென்று விழுந்தால் வெடிப்பு விட்டுவிடும். ஆனால் ஊற்றுவதற்குத் தண்ணீர் வேண்டுமே. திருகுச் செம்பில் அரைச் செம்புதான் இருந்தது.

அடுத்த மரத்தடியில் ஒரு அம்மா மோர்ப்பானை வைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கூடையில் வெள்ளரிப்பிஞ்சு. அவரேதான் எழுந்து வந்தார்.

"ஏந் தாயி, வண்டி கொதிச்சுப்போச்சா? புள்ளைகள நெழல்ல கொண்டாந்து உக்கார வையி. வெறிச்சுப் பாத்துக்கிட்டு நின்னா தண்ணி ஊறிருமா?"

தன் குடத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனார். தூரத்தில் ஒரு பம்ப்செட் இருந்தது. இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தார். அப்பா சட்டைப்பையில் கைவிட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா அவசரமாக, "மோருக்கு, அக்கா, மோருக்கு" என்றாள். மோருக்கு வாங்கிக்கொண்டார். அதிலும் குட்டிக்குக் கொடுத்த மோருக்குக் காசு இல்லை.

வண்டி ஆறுகிற நேரம் முழுக்க அம்மா அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள். உறவு வீடுகளில் வாயே திறக்காத அம்மா, பெயர் தெரியாத ஒருத்தியிடம் பேசிக்கொண்டே இருந்தாள். நான் வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். எந்த ஊர், யார் வீட்டுக்கு, எத்தனை பிள்ளை என்று ஆரம்பித்தது. எங்கே பிறந்தாய் என்று அவர் கேட்டார். அம்மா சொன்னாள். அந்த ஊர் தாண்டித்தான் போறீங்களா என்றார். தாண்டவேண்டியதில்லை, ஒட்டிப் போவோம் என்றாள். "எறங்க மாட்டீகளா?" என்றார் அவர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "எனக்கும் அப்படித்தேன். இந்தா தெரியிது பாரு எங்க அப்பன் ஊரு, பனைமரம் தெரியிதுல்ல? கெடா வெட்டுக்குத்தேன் போவேன்" என்று கையை நீட்டிக் காட்டினார். அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள், நானும் பார்த்தேன். பனைமரங்கள் நிறைய இருந்தன.

அடுத்த கோடையில் விராலிமலை தாண்டியதுமே அம்மா முன்பக்கம் குனிந்து சித்தப்பாவிடம், "துவரங்குறிச்சிக்கு இங்கிட்டு அந்த மோர்க்கார அக்கா இருக்காவளான்னு பாத்துக்கிடுங்க, கொழுந்தனாரே" என்றாள். வண்டி கொதிக்கவில்லை. நிற்க ஒரு காரணமும் இல்லை. அப்பா டைரியைப் பார்த்தார். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சித்தப்பா யாரையும் பார்க்காமல் வேகத்தைக் குறைத்தார்.

அவர் அங்கேதான் இருந்தார். அம்மா தன் பெட்டியிலிருந்து பர்மா பஜாரில் வாங்கிய கோடாலித் தைலம் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். போன வருஷம் முழங்கால் வலி என்று அவர் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். பதிலுக்கு மடி நிறையக் கொடுக்காப்புளி வந்தது. அப்பாவுக்கும் ஒரு நியாய உணர்ச்சி உண்டு. அன்று ராத்திரி டைரியில், "துவரங்குறிச்சி, மோர், 20 நிமிடம்" என்று சேர்த்து, பட்டை அடித்த மரத்தின் எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது ரூட்டில் சேர்ந்துவிட்டது. கடிதம் போகாத ஒரே நிறுத்தம்.

மேலூர் தாண்டி யானைமலை படுத்துக் கிடப்பது தெரிந்ததும் சித்தி தலை சீவ ஆரம்பிப்பாள். ராத்தங்கல் மதுரையில், சிம்மக்கல் பக்கம் அத்தை வீட்டில். அப்பாவுக்கு நேர் அக்கா. அத்தை வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். எங்களுக்கு ஜிகர்தண்டா, பெரியவர்களுக்கு வழக்கு.

வழக்கு எப்போதும் ஒன்றுதான். அத்தைக்கு ஒரு மகன் இருந்தான், அக்காவுக்கு முறைமாப்பிள்ளை. பையன் படித்துக்கொண்டிருந்தான், படித்துக்கொண்டே இருந்தான். அப்பா காத்திருக்கத் தயாராக இல்லை. டாஷ்போர்டில் ஜாதகம் வருகிற விஷயம் விழுப்புரத்திலிருந்தே அத்தைக்குக் கடிதத்தில் வந்துவிடும். சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "மெட்ராஸ்காரருக்கு நம்ம வீட்டுப் பையன் கண்ணுல படுவானா? ரோட்டுல போறவனுக்கெல்லாம் ஜாதகம் குடுக்கணும்" என்பாள். அப்பா இலையைப் பார்த்துச் சாப்பிடுவார். அம்மாவிடம் திரும்பி, "என்னம்மா, நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்பாள். அம்மா சொன்னால் ஏன் சொன்னாய் என்பார்கள், சொல்லாவிட்டால் மனசில்லை என்பார்கள். அவள் ரசம் எடுத்துவர உள்ளே போவாள். காலையில் கிளம்பும்போது அத்தை அழுதுகொண்டே அக்காவுக்குப் பூ வைத்து, ஆச்சிக்கு ஒரு சுங்குடிச் சேலையையும் எங்களுக்குத் தூக்குச்சட்டி நிறைய அதிரசத்தையும் கொடுத்தனுப்புவாள். கோபம் கோபமாக இருக்கும், அதிரசம் அதிரசமாக இருக்கும்.

மதுரைக்குத் தெற்கே ராணி மங்கம்மாள் போட்ட சாலை என்று அப்பா பேச்சை மாற்றுவார். மதுரையை 1689 முதல் 1706 வரை பேரனுக்காக ஆண்டவள். சாலை போட்டாள், மரம் வைத்தாள், சத்திரம் கட்டினாள். பின்சீட்டில் அம்மா சத்தமில்லாமல் அதிரசம் பிட்டுக்கொண்டிருப்பாள்.

சாத்தூரில் சேவும் வெள்ளரியும் வாங்கிக்கொள்ள ஐந்து நிமிடம். கோவில்பட்டியில் மாமா வீடு, சாப்பாடு, மல்லாட்டைச் சாக்கு இறக்கம். மாமாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆபீஸ்தான். ஓட்டுச் சாய்ப்புக்குள் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, சட்டத்தில் குச்சி அடுக்கும் வேகத்தைக் கண் தொடர முடியாது. மாமா வெட்டாத லேபிள் தாள் இரண்டைச் சுருட்டிக் கொடுப்பார். தாள் முழுக்க ஒரே கிளி அல்லது ஒரே ரோஜாப்பூ. பள்ளிக்கூடம் திறந்ததும் அதை வெட்டி வியாபாரம் செய்து நான் பெரிய ஆளாக இருந்தேன். மாமா வீட்டிலிருந்து ஆச்சி வீட்டுக் குழந்தைகளுக்குக் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். அன்றைக்கு அதைப் பழைய பேப்பரில் சுற்றித்தான் தருவார்கள்.

அக்கா கடைசியில் வாழ்க்கைப்பட்டது இந்தக் கோவில்பட்டி வழியில்தான், மாமாவின் ஒரு பங்காளி வீட்டில். டாஷ்போர்டிலிருந்து இறங்கிய நகல்களில் ஒன்று பலித்தது. மதுரை அத்தை கல்யாணத்துக்கு வந்தாள்; சாப்பிடவில்லை.

கயத்தாறில் கட்டபொம்மன் சிலை. 1799 அக்டோபர் 16 அன்று அவரைத் தூக்கிலிட்ட ஊர்; கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன்தான் பின்னால் இடம் வாங்கிச் சிலை வைத்தார். தம்பி காரைவிட்டு இறங்கிச் சிவாஜி குரலில் முழங்கிவிட்டுத்தான் ஏறுவான். அப்புறம் கங்கைகொண்டான், தச்சநல்லூர், தாமிரபரணி.

சுலோச்சன முதலியார் பாலத்தில் கார் ஏறும்போது அப்பாவின் கடைசிக் கதை. ஆற்றைக் கடக்கப் படகுக்கு அடிபிடி நடந்த காலத்தில், சொந்தப் பணம் போட்டு ஒரு மனிதர் பாலம் கட்டினார், 1843இல் திறந்தது. மனைவி தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தாள் என்று ஊரில் சொல்வார்கள். ஒருமுறை பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "நகை அந்த அம்மாளோடது, பேரு முதலியாருக்கு." சித்தப்பா சிரித்துவிட்டார். அப்பாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

பாலம் இறங்கியதும் நேரே போனால் வண்ணாரப்பேட்டை, பாளையங்கோட்டை. கொக்கிரகுளம் பக்கம் திரும்பினால் மேலப்பாளையம் வழியாக நம் பாதை. கார் திரும்பும். அந்தத் திருப்பத்தில் அம்மா என்ன செய்வாள் என்று பார்க்க நான் முன்சீட்டில் முட்டி போட்டுப் பின்னால் திரும்பியிருக்கிறேன். ஒன்றும் செய்ய மாட்டாள். குட்டியின் மூக்கைத் துடைப்பாள், அல்லது செம்பின் மூடியை இறுக்குவாள்.

பத்தமடையில் கோரைப்பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கிழித்து, பட்டு மாதிரி மடங்குகிற பாயாக நெய்கிற ஊர். அக்கா கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரும் தேதியும் நெய்து வாங்கினது அங்கேதான். சேரன்மாதேவி தாண்டினால் மேற்கே மலை எழும்பி நிற்கும். வயல் காற்று வந்ததுமே வண்டியின் சூட்டுமுள் இறங்கும் என்று சித்தப்பா சத்தியம் செய்வார். வீரவநல்லூரில் ஆச்சி வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள். டிக்கி திறக்கும். சுங்குடிச் சேலை, கடலைமிட்டாய், கடிதங்கள். இறங்கி முடிந்ததும் ஆச்சி கேட்கிற முதல் கேள்வி, "மதுரைக்காரி என்ன சொன்னா?"

நான்குவழிச் சாலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழைய ரோட்டைப் பற்றி ஏங்குகிறவர்கள் ராத்திரியில் அதில் ஓட்டினவர்களாக இருக்க முடியாது. எதிரே லாரி வந்தால் காலால் மிதித்து டிம் செய்கிற சுவிட்ச், இரண்டு வண்டி ஒதுங்கவே அகலம் போதாத தார், ஓரத்தில் அசையாத புளியமரம். அந்த மரங்களில் மோதி நசுங்கிய வண்டிகளை நாங்கள் ஒவ்வொரு பயணத்திலும் பார்த்திருக்கிறோம். அம்மா தம்பியின் கண்ணைப் பொத்துவாள். 2000க்குப் பிறகு மரங்களை வெட்டி, சாலையை அகலமாக்கி, ஊர்களுக்கு வெளியே பைபாஸ் போட்டார்கள். விழுப்புரத்துக்குள் போகவேண்டாம், கோவில்பட்டிக்குள் போகவேண்டாம். இதற்கு முதலில் கைதட்டியது அம்மாதான். "இந்தப் பைபாஸ் போட்டவுக புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்று அப்பா காதுபடவே சொன்னாள். அப்பா அப்போதும் கடிதம் எழுதுவதை விடவில்லை. ஆனால் சித்தப்பாவுக்குக் கண் புரை வந்து, அம்பாசிடர் கைமாறி, ரயிலில் போக ஆரம்பித்தோம். ரயில் யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை.

போன வருஷம் வீரவநல்லூரில் ஒரு கல்யாணம். அப்பா இல்லை இப்போது. நான் ஓட்டினேன், அம்மா முன்சீட்டில், பின்னால் என் மகன். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று இப்போது ரூட்டைச் சொல்ல வேண்டுமானால் டோல்கேட் பெயரைத்தான் சொல்லவேண்டும். அங்கேயாவது முன்பு சில்லறைக்காக நின்றோம். 2021இல் ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனபின் அதுவும் குறைந்துவிட்டது. விழுப்புரத்தில் சின்னத் தாத்தா வீட்டை விற்றாயிற்று. திருச்சியில் பைபாஸிலிருந்தே மலைக்கோட்டை தெரிந்தது. உறையூருக்குப் போவோமா என்றேன். "மலைக்கோட்டை தெரிஞ்சிட்டுல்லா, போதும், ஓட்டு" என்றாள் அம்மா.

துவரங்குறிச்சி வருமுன்பே நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். மரம் இல்லை. நடுத்திட்டில் அரளி பூத்திருந்தது. அப்பாவின் டைரி வீட்டில் இருக்கிறது, மர எண்ணும் அதில் இருக்கிறது, மரம்தான் இல்லை. சர்வீஸ் ரோட்டில் இறக்கி ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். அம்மா இறங்கி விசாரித்தாள். கடைக்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "மோர் வித்த கெழவியா? இந்த ரோட்டுல எத்தனையோ பேரு வித்துருப்பாக, அம்மா. ஊரு என்ன சொன்னாக?" என்றார். ஊர் பெயரை அம்மா கேட்டுக்கொண்டதே இல்லை. பனைமரம் தெரியும் என்றாள். என் மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தான். நாங்கள் டீ குடித்தோம். கிளம்பும்போது அம்மா கடைக்காரரிடம் இரண்டு பாக்கெட் மோர் வாங்கி, ஒன்றை வண்டியிலேயே குடித்து, "உப்பு ஜாஸ்தி" என்றாள்.

மதுரையை ரிங்ரோட்டில் சுற்றிக்கொண்டோம். அத்தை போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது, மகன் அமெரிக்காவில். கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கயத்தாறை ஊருக்கு வெளியேயே கடந்துவிட்டோம். என் மகனிடம் கட்டபொம்மன் என்று ஆரம்பித்தேன். "தெரியும்மா" என்றான்.

திருநெல்வேலியில் ஊருக்குள் இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்தேன். கொக்கிரகுளம் பக்கம் இண்டிகேட்டர் போட்டாயிற்று. மணி நாலரை. கல்யாணம் மறுநாள் காலையில், மாப்பிள்ளை அழைப்பு ஏழு மணிக்கு.

"நேரே போ" என்றாள் அம்மா.

"நேரமாயிரும்மா. முதல்ல வீரவநல்லூர் போயிட்டு..."

"நேரே போன்னு சொல்லுதேன்லா."

இண்டிகேட்டரை எடுத்துவிட்டு நேரே போனேன். தெற்கு பஜாரில் கூட்டம். சந்துக்குள் கார் போகாது, முக்கில் நிறுத்தினேன். அம்மா எனக்காகக் காத்திருக்கவில்லை. சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, எண்பது வயதுக்கு அது ரொம்ப வேகம், முன்னால் நடந்தாள். கொழும்புக்காரர் வீடு, பால்கார வீடு என்று சந்தில் ஒவ்வொரு வாசலாக என் மகனுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். மாமா வீட்டுக் கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "கல்யாண வீட்டுக்கு மூணு மணிக்கே போயிட்டாவளே" என்றார்.

அம்மா போனை என்னிடமிருந்து வாங்கினாள். ஸ்பீக்கர் போட்டது என் மகன்.

"ஏலே, எங்கல இருக்க?"

"வீரவநல்லூர்லக்கா. பந்தலுக்கு வந்துட்டோம். நீங்க எங்க வந்துட்டிருக்கீய?"

"உன் வீட்டு வாசல்ல."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா கத்திப் பேசினார். "நீங்க எப்பவும் நேரா இங்கதானக்கா வருவீய. ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தா இருந்திருப்பேன்லா."

"எங்க வீட்டுக்கு நான் சொல்லிட்டுத்தான் வரணுமால?" என்றாள் அம்மா. "சாவிய எங்க வச்சிருக்க? அதச் சொல்லு."